அறுபதுக்கு முன்பே வரும் முதுமை: பாலாற்றங்கரைத் தோல் தொழிலும் தமிழகத்தின் ஓய்வூதியக் கணக்கும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். தேசிய மக்கள்தொகை ஆணையம் அமைத்த வல்லுநர் குழுவின் கணிப்புப்படி 2021இல் இது 13.7 விழுக்காடு, 2036இல் 20.8 விழுக்காடு. அதே 15 ஆண்டுகளில் மாநிலத்தின் மொத்த மக்கள்தொகை 7.64 கோடியிலிருந்து சுமார் 7.8 கோடிக்கு மட்டுமே நகர்கிறது. பெருக்கிப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். முதியோர் எண்ணிக்கை சுமார் 1.05 கோடியிலிருந்து 1.6 கோடியைத் தாண்டும். அறுபதுக்குக் கீழே உள்ளவர்கள் ஏறத்தாழ 40 லட்சம் குறைவார்கள். வளர்வது முதுமை மட்டுமே.

இந்த எண்களைச் சுற்றி அரசியல் விவாதத்துக்குக் குறைவில்லை. மக்களவைத் தொகுதி மறுவரையறையில் தமிழ்நாட்டுக்கு எத்தனை இடம் போகும் என்பது ஒன்று. மத்திய வரிப் பகிர்வில் மாநிலத்தின் பங்கு 13ஆவது நிதிக்குழுவின்போது 4.969 விழுக்காடாக இருந்து 15ஆவது நிதிக்குழுவில் 4.079 ஆனது ஏன் என்பது இன்னொன்று. இரண்டும் தலைகளை எண்ணும் கேள்விகள். உழைத்துத் தேய்ந்தவர்களுக்கு யார், எந்த வயதிலிருந்து, எவ்வளவு செலவிடுவது என்ற கேள்வி அந்த இரைச்சலில் அமுங்கிவிடுகிறது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் பகுதியில் இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். முதுமைக்கான பொதுச்செலவு அறுபதில் தீர்மானமாவதில்லை. தொழிலாளியின் இருபதுகளிலும் முப்பதுகளிலும், கம்பெனி வாசலுக்குள்ளேயே தீர்மானமாகிவிடுகிறது.

குடும்பம் சுருங்கிய வேகம்

பிரான்ஸில் 65 வயதைக் கடந்தவர்களின் பங்கு 7 விழுக்காட்டிலிருந்து 14 ஆக நூறாண்டுகளுக்கு மேல் பிடித்தது. ஜப்பான் அதை 1970க்குப் பிறகு கால் நூற்றாண்டில் முடித்தது. தமிழ்நாடு ஜப்பானின் வழியில் போகிறது, ஆனால் ஜப்பானின் வருமானம் இல்லாமல். 1980களில் குடும்பநலத் துறையை நடத்திய டி.வி. அந்தோணி ஐ.ஏ.எஸ்ஸின் பெயரில் உள்ள இரண்டு எழுத்துகளுக்கு டியூபெக்டமி, வாசக்டமி என்று ஊரே வேடிக்கையாக விரிவு சொன்ன காலம் ஒன்று இருந்தது. அரசு முனைப்பு ஒரு பக்கம். சத்துணவு, பெண் கல்வி, தள்ளிப்போன திருமண வயது மறுபக்கம். 2020இன் மாதிரிப் பதிவுத் திட்டக் கணக்கில் தமிழ்நாட்டுப் பெண் ஒருவருக்குச் சராசரியாக 1.4 குழந்தைகள். மக்கள்தொகை குறையாமல் நிற்க 2.1 வேண்டும்.

இந்த மாற்றத்தின் பலனை அறுவடை செய்த தொழில்களில் காலணித் தொழில் முதன்மையானது. 1973இல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை விதித்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டு லண்டனுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த தோல் ஷாப்புகள், முழுமையாகப் பதனிட்ட தோலுக்கும், பிறகு ஷூவின் மேற்பகுதியான அப்பருக்கும், முழு ஷூவுக்கும் நகர்ந்தன. பதனிடும் வேலை ஆண்களுடையதாக இருந்தது. தையல் வரிசைகளுக்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள். பள்ளி முடித்து, ஒன்றிரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டு, மாதச் சம்பளத்துக்குத் தயாராக இருந்த ஒரு தலைமுறை அப்போது சுற்றுக் கிராமங்களில் உருவாகியிருந்தது. 2019-20ஆம் ஆண்டின் தொழில்துறை ஆய்வுக் கணக்கில், இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். விடிந்ததும் ஆம்பூர் சாலைகளில் கம்பெனி வேன்கள் ஊர் ஊராக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு போவது இந்தப் புள்ளிவிவரத்தின் கண்ணுக்குத் தெரியும் பக்கம்.

அந்தப் பெண்களின் முதல் தலைமுறை இப்போது ஐம்பதை நெருங்குகிறது. அவர்களுக்குப் பின்னால் வரும் வரிசை சிறியது. இருந்தும் புதிய தொழிற்சாலைகள் திறந்தபடி இருக்கின்றன. 2022இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட காலணி மற்றும் தோல் பொருள் கொள்கை 20,000 கோடி ரூபாய் முதலீட்டையும் 2 லட்சம் வேலைகளையும் இலக்காக வைத்தது. ராணிப்பேட்டை மாவட்டம் பானப்பாக்கம் சிப்காட்டில் தைவானின் ஹாங் ஃபூ குழுமம் 1,500 கோடி ரூபாயில் அமைக்கும் தோல் அல்லாத காலணித் தொழிற்சாலைக்கு 2024 இறுதியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதில் 25,000 பேருக்கு வேலை, பெரும்பாலும் பெண்களுக்கு, என்பது அறிவிப்பு. பிறப்பு குறைந்துகொண்டே போகும் ஊரில் இத்தனை இளம் கைகளுக்கு எங்கே போவது? இதுவரை கிடைத்த விடை, இருப்பவர்களைச் சீக்கிரம் கழித்துவிட்டுப் புதியவர்களை எடுப்பது.

உடம்பின் வயது

தோல் ஷாப்பில் வேலை சுண்ணாம்புத் தொட்டியில் தொடங்குகிறது. ஊறிய மாட்டுத்தோலை வெளியே இழுக்க இரண்டு ஆள் வேண்டும். நீர் குடித்த தோலின் கனம் முதுகில் இறங்கும். அடுத்து சதை நீக்கும் இயந்திரம், பிறகு குரோமியம் கலந்த டிரம். டிரம்மிலிருந்து நீலமாக வெளிவரும் தோலை அடுக்குபவரின் விரல் இடுக்குகளில் வெடிப்பும் அரிப்பும் வந்தால் லேசில் போவதில்லை. கழிவுத் தொட்டிக்குள் இறங்குபவர்களை விஷவாயு தாக்கும் செய்தி ஆண்டு தவறினாலும் தவறும், அடியோடு நிற்பதில்லை. ஆண் தொழிலாளி நாற்பதுகளின் நடுவில் கனமான வேலையிலிருந்து விலகுவது இங்கே வழக்கம். வாட்ச்மேன் வேலை கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஷூ கம்பெனியில் தேய்மானம் வேறு விதம். அப்பர் தைக்கும் பெண், மில்லிமீட்டர் கணக்கில் ஓரத்தை ஒட்டி ஊசி ஓட்ட வேண்டும். கறுப்புத் தோலில் கறுப்பு நூல். மணிக்கு இத்தனை ஜோடி என்று இலக்கு பலகையில் எழுதியிருக்கும். நாற்பதைத் தாண்டியதும் எல்லோருக்கும் வரும் வெள்ளெழுத்து இவருக்கும் வருகிறது. தையல் ஒரு நூலளவு விலகுகிறது, பீஸ் திரும்பி வருகிறது, சூப்பர்வைசர் குரல் உயர்கிறது. கொஞ்ச நாளில் இவர் பசை தடவும் இடத்துக்கோ, துடைத்துப் பெட்டியில் அடுக்கும் இடத்துக்கோ மாறுகிறார், அல்லது தானே நின்றுவிடுகிறார். யாரும் பணிநீக்கம் செய்யவில்லை. ஆவணத்தில் அவர் ராஜினாமா செய்தவர்.

நின்றவர்களில் சிலர் வீட்டிலேயே கையால் அப்பர் தைக்கிறார்கள். ஆம்பூர்ப் பகுதியின் வீட்டுவழித் தொழிலாளர்களைப் பற்றிச் சிவிடெப் முதலிய அமைப்புகள் 2016இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு ஜோடிக்குப் பத்து ரூபாய்க்கும் குறைவான கூலியைப் பதிவு செய்தது. கிராமத்தில் இருப்பவர்களுக்கு நூறு நாள் வேலை இன்னொரு புகலிடம். சட்டத்தின் பார்வையில் அது வேலைத்திட்டம். நடைமுறையில் ஐம்பதைக் கடந்த பெண்களுக்கு அதுதான் ஓய்வூதியம். 2025 டிசம்பரில் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டம் நாட்களை 125 ஆக்கியது. கூடவே செலவில் 40 விழுக்காட்டைப் பெரும்பாலான மாநிலங்களின் தலையில் வைத்தது. கம்பெனி முன்கூட்டியே கழித்துவிடும் தொழிலாளியின் செலவு மாநில அரசின் கணக்கில் வந்து விழும் பாதைகளில் இது ஒன்று.

இன்னொரு புகலிடம் முன்பு இருந்தது: நிலம். வயதானவர்கள் கொல்லைக்குத் தண்ணீர் கட்டி, இரண்டு மாடு மேய்த்து, வீட்டுக்குப் பாரமாகாமல் காலம் தள்ளினார்கள். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்துபவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டுக்காக உலகம் முழுதும் மேற்கோள் காட்டப்படுகிறது. தோல் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்ற தகவலும் அதே தீர்ப்பில் இருக்கிறது. சட்டக் கல்லூரிகளில் இதைச் சுற்றுச்சூழல் இழப்பாகப் படிக்கிறார்கள். பொருளாதாரத்தின் கண்ணால் பார்த்தால், அது ஒரு வட்டாரத்தின் முதுமைக் காப்பு அழிந்ததற்கான சான்று. நிலம் உவர்ந்தபின் கூலி தவிர வேறு வழியில்லை. கூலி தரும் உடம்போ நாற்பத்தைந்தில் களைத்துவிடுகிறது.

பி.எஃப். கணக்கில் விழும் ஓட்டை

அமைப்புசார் தொழிலாளி என்பதால் ஷூ கம்பெனிப் பெண்ணுக்கு ஓய்வூதியம் உண்டு என்று நினைக்கத் தோன்றும். விதிகளைப் பொருத்திப் பார்ப்போம். 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டப்படி குறைந்தது பத்தாண்டு பணி வேண்டும். முழு ஓய்வூதியம் 58 வயதில். சம்பளச் சராசரியைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் மாத ஓய்வூதியம்.

கற்பனையாக ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 20 வயதில் சேர்கிறார். 24இல் கல்யாணம், வேலையை விட்டு, பி.எஃப். பணத்தோடு ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிடுகிறார். நகைக்கோ சீர்வரிசைக்கோ அந்தப் பணம் உடனே தேவை. பிள்ளை பள்ளிக்குப் போனபின் 32இல் வேறு கம்பெனியில் சேர்ந்து 45 வரை உழைக்கிறார். கடைசிச் சம்பளச் சராசரி 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 13 ஆண்டுக்கு வரும் ஓய்வூதியம் மாதம் சுமார் 2,230 ரூபாய். முதல் நான்கு ஆண்டின் பணத்தை எடுக்காமல் திட்டச் சான்றிதழாக வாங்கி வைத்திருந்தால் 17 ஆண்டு ஆகி, 2,910 ரூபாய் கிடைத்திருக்கும். எதுவானாலும் அது 58 வயதில்தான் முழுதாகக் கைக்கு வரும். நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தெட்டுக்கும் நடுவில் 13 ஆண்டு. அதற்குள் விலைவாசி எவ்வளவு ஏறினாலும் கணக்கில் நிற்பது 45 வயதில் வாங்கிய சம்பளமே. அவசரம் என்றால் 50 வயதிலேயே வாங்கலாம். முந்தும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு வெட்டு. கால் பங்குக்கு மேல் போய்விடும்.

இதில் இன்னொரு முரண் உண்டு. இந்தத் திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரிலிருந்து 1,000 ரூபாய். தமிழ்நாடு அரசின் முதியோர் உதவித்தொகை, ஊரில் சொல்லும் ஓ.ஏ.பி. பணம், 2023 ஆகஸ்டிலிருந்து 1,200 ரூபாய். பத்தாண்டு சந்தா கட்டியவருக்கு உள்ள உறுதி, எதுவும் கட்டாத ஆதரவற்றவருக்கான தொகையைவிடக் குறைவு. குற்றம் உதவித்தொகையிடம் இல்லை. சந்தா கட்டும் பழக்கத்தையே அர்த்தமற்றதாக்கும் அளவுக்குத் தாழ்ந்து கிடக்கிறது ஓய்வூதியத் திட்டம். தொழிலாளி பி.எஃப். பணத்தை அவ்வப்போது எடுத்துவிடுகிறாள் என்று நொந்துகொள்பவர்கள், எடுக்காமல் வைத்திருந்தால் அவளுக்கு என்ன கிடைக்கும் என்பதையும் பார்க்க வேண்டும்.

இரு முதியவர்கள், இரு பட்ஜெட்கள்

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. நாட்டின் முன்னோடித் திட்டங்களில் ஒன்று. இன்று அதோடு விதவையர், மாற்றுத்திறனாளிகள் முதலானோருக்கான உதவித்தொகைகளையும் சேர்த்துச் சுமார் 30 லட்சம் பேர் பெறுகிறார்கள். 1,200 ரூபாய் வீதம் கணக்கிட்டால் ஆண்டுக்கு 4,300 கோடி ரூபாய் அளவு. மத்திய அரசின் திட்டத்தில் வரும் முதியவருக்கு டெல்லி தரும் பங்கு, 80 வயது வரை, மாதம் 200 ரூபாய். 2007இலிருந்து அதில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. விலைவாசியின் சுமை முழுவதும் மாநிலத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது.

மறுபுறம், ஏறத்தாழ 7 லட்சம் அரசு ஓய்வூதியர்களுக்கான ஓய்வூதியமும் ஓய்வுக்காலப் பலன்களும் அண்மை ஆண்டுகளின் பட்ஜெட்களில் 35,000 கோடி ரூபாயைத் தாண்டுகின்றன. 2003 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத்துக்கு மாற்றப்பட்டார்கள். 2026 ஜனவரியில் அவர்களுக்கும் கடைசி ஊதியத்தில் பாதியை உறுதியளிக்கும் திட்டத்தை அரசு அறிவித்தது. அரசு ஊழியரின் உரிமையை இங்கே யாரும் மறுக்கவில்லை. ஆனால் முதுமைச் செலவு ஏறுகிறது என்று பொதுவாகச் சொல்லும்போது எந்த முதியவருக்கான செலவு என்று கேட்க வேண்டியிருக்கிறது. நிதி நெருக்கடி வந்தபோது 2020லும் 2021லும் அரசு ஊழியரின் ஓய்வு வயது 58இலிருந்து 59க்கும் 60க்கும் போனது. பணிக்கொடைச் செலவு தள்ளிப்போனது. மேசை வேலையில் அது முடியும். சுண்ணாம்புத் தொட்டியருகே நிற்பவருக்கு அரசாணையால் இரண்டு ஆண்டு கூட்டித்தர முடியாது.

வெளியூர் கைகள்

உள்ளூர் இளைஞர்கள் கைவிட்ட பதனிடும் வேலைக்குப் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத் தொழிலாளர்கள் வந்துவிட்டார்கள். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டி உடைந்து, பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தவர். தொழிலின் ஆகக் கடினமான ஓரத்தில் யார் நிற்கிறார்கள் என்பதை அந்த விபத்து ஊருக்குக் காட்டியது.

புலம்பெயர்ந்து வரும் தொழிலாளியால் தமிழ்நாட்டுக்கு லாபம். அவரை வளர்த்துப் படிக்கவைத்த செலவு பீகாருடையது. வயதானபின் பார்த்துக்கொள்ளும் செலவும் பீகாருடையது. நடுவில் உள்ள இருபது ஆண்டு உழைப்பு மட்டும் பாலாற்றங்கரைக்கு. ஆனால் இந்த ஏற்பாடு நிலைக்கும் என்று நம்ப முடியாது. வட மாநிலங்களிலும் பிறப்பு விகிதம் இறங்குகிறது. 2025இல் பீகார் தன் முதியோர் உதவித்தொகையை 400 ரூபாயிலிருந்து 1,100 ஆக்கியதுபோல அங்கேயும் வாழ்க்கை கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. வெளியூர் ஆள் வருவதால் உள்ளூரில் நாற்பதைக் கடந்தவர்களைத் தக்கவைக்கும் அவசியம் கம்பெனிகளுக்குத் தெரியவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டில் அந்த ஊற்று வற்றும்போது, தக்கவைக்கும் திறனே இல்லாத தொழிலாக இது நிற்கும்.

செய்யக்கூடியவை

தக்கவைப்பது எட்டாக்கனி அன்று. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பதைக் கடந்த தொழிலாளர்களுக்கு வாசிப்புக் கண்ணாடி கொடுத்து நடத்திய ஆய்வு 2018இல் லான்செட் குழும இதழில் வெளியானது. கண்ணாடி அணிந்தவர்களின் பறிப்பு, அணியாதவர்களோடு ஒப்பிட 21.7 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. தேயிலைக் கொழுந்துக்கே இவ்வளவு என்றால், கறுப்புத் தோலில் கறுப்பு நூல் ஓட்டும் கண்ணுக்கு என்ன செய்யும்? 2007இல் ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங் ஆலையில் பி.எம்.டபிள்யூ ஓர் உற்பத்தி வரிசையில் தொழிலாளர்களின் சராசரி வயதை 39இலிருந்து 47க்கு உயர்த்திப் பார்த்தது. மரத்தளம், உட்கார நாற்காலி, பெரிய எழுத்துத் திரை எனச் சுமார் எழுபது சிறு மாற்றங்கள். உற்பத்தித்திறன் 7 விழுக்காடு கூடியது.

தமிழ்நாட்டில் இதற்கான அமைப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. 2024 ஜனவரியில் தொடங்கிய தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் தொழிற்சாலைக்குள்ளேயே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. அதோடு கண், தோல், முதுகு மூன்றையும் சேர்க்கலாம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நாற்பதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனையைக் கட்டாயமாக்குகின்றன. பரிசோதனைக்குப் பிறகு ஆளை வெளியேற்றாமல் வேலையை மாற்றித்தர வேண்டும் என்ற விதி சேராவிட்டால், அதே பரிசோதனை கழித்துக்கட்டும் சல்லடையாகிவிடும். ஐந்தாண்டு இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்து பணி ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தனக்கும் துணைக்கும் மருத்துவம் பெறலாம். நாற்பத்தைந்தில் ராஜினாமா என்று எழுதிக்கொடுத்தவருக்கு இந்தக் கதவு திறப்பதில்லை. நீண்ட காலம் சந்தா கட்டியவர்களுக்கு வயது பாராமல் அதைத் திறந்துவிடலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஊக்கத்தொகையின் திசை. 2025 ஆகஸ்டில் தொடங்கிய மத்திய அரசின் வேலைவாய்ப்பு ஊக்கத் திட்டம், புதிதாக ஆள் சேர்க்கும் முதலாளிக்கு ஒருவருக்கு மாதம் 3,000 ரூபாய் வரை தருகிறது; உற்பத்தித் துறைக்கு நான்கு ஆண்டு. மாநில அரசின் சலுகைகளும் எத்தனை வேலை உருவானது என்பதையே அளக்கின்றன. ஓய்வூதிய உரிமைக்கு வேண்டியது பத்தாண்டு. நான்காம் ஆண்டோடு சலுகை முடிய, பத்தாம் ஆண்டில்தான் தொழிலாளிக்கு உரிமை பிறக்கிறது. இடையிலுள்ள ஆறு ஆண்டுக்கு ஆளைத் தக்கவைக்க எந்தக் கம்பெனிக்கும் ஒரு ரூபாய் தூண்டுதலும் இல்லை. சலுகையில் ஒரு பகுதியைப் பத்தாண்டு நிறைவு செய்த தொழிலாளர் எண்ணிக்கையோடும், மகப்பேற்றுக்குப் பின் திரும்பிவந்த பெண்களின் எண்ணிக்கையோடும் இணைப்பது புதிய செலவல்ல. இருக்கும் செலவையே வேறு விதமாக அளப்பது.

2036இல் அறுபதை எட்டப்போகிறவர்களுக்கு இன்று வயது ஐம்பதை ஒட்டி. அவர்களுடைய ஓய்வூதியக் கணக்கில் திருத்த அதிகம் மிச்சமில்லை. உதவித்தொகையை விலைவாசியோடு ஏற்றுவதும், டெல்லியின் 200 ரூபாயைக் கேள்வி கேட்பதும்தான் அவர்களுக்கு உதவும். பானப்பாக்கத்தில் சேரப்போகும் இருபது வயதுப் பெண்ணின் கணக்கு இன்னும் வெள்ளைத்தாள். நிலத்தையும் மின்சாரத்தையும் சலுகை விலையில் கொடுத்து வரவழைக்கும் நிறுவனத்திடம் இருபதாண்டு வேலையை நிபந்தனையாகக் கேட்கும் பேர வலிமை, ஒப்பந்தம் போடும் நாளில்தான் அரசுக்கு உண்டு. அன்று கேட்கத் தவறினால், அந்தப் பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதாகும்போது அதே அரசு அவளுக்குப் படியளக்க வேண்டியிருக்கும். அப்போது அவளுக்குப் பின்னால் வரி கட்டுவோர் இன்றைவிடக் குறைவாக இருப்பார்கள்.